அழுகிய கத்தரிக்காயின் அடியில் ஒரு வைரஸ்

2010-ம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். உரத்துக்காகக் குவித்து வைத்த குப்பையில் பாதி அழுகிப்போன கத்தரிக்காய் ஒன்று கிடந்தது. ஒரு கல்லூரி மாணவி அதைப் புரட்டி, அதன் அடிப்பக்கத்தில் இருந்ததைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். அருவருப்பான வேலைதான். ஆனால் வகுப்பில் சொல்லியிருந்தார்கள்: எங்கிருந்தாவது கொஞ்சம் மண்ணோ மக்கிய குப்பையோ கொண்டு வாருங்கள், அதில் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்போம்!

இருந்தது. கண்டுபிடித்தவரே பெயர் வைக்கலாம் என்பது வழக்கம். மாணவி வைத்த பெயர் 'மடி', அதாவது ஆங்கிலத்தில் சேறு படிந்தது. (தமிழில் மடி என்றால் செத்துப்போ என்றும் பொருள் உண்டு. பாக்டீரியாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் பொருத்தமான பெயர்தான்.) பெயர் வைத்தார்கள், ஒரு சிறிய குழாயில் அடைத்தார்கள், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள ஒரு ஃப்ரீசரில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆயிரக்கணக்கான குழாய்களில் அதுவும் ஒன்று. அப்போது அதற்கு எந்தப் பயனும் இல்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து அதே வைரஸ் லண்டனில் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் ரத்தத்தில் ஊசி மூலம் ஏற்றப்பட்டது. மருத்துவர்கள் அவளுக்குச் செய்ய வேறொன்றும் இல்லாத நிலையில்.

கத்தரிக்காய்க்கும் லண்டன் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கதை. இதில் பெரிய விஞ்ஞானிகள் உண்டு. ஆனால் பாதி வேலையைச் செய்தவர்கள் பள்ளி, கல்லூரி மாணவர்கள்.

முதலில் இந்த வைரஸ்களைப் பற்றிக் கொஞ்சம். நமக்கு நோய் வருவது போல பாக்டீரியாக்களுக்கும் நோய் வரும். அவற்றைத் தாக்கும் வைரஸ்களுக்கு பாக்டீரியோஃபேஜ் என்று பெயர், சுருக்கமாக ஃபேஜ். பூமியில் உள்ள ஃபேஜ்களின் எண்ணிக்கையை 1 போட்டு அதன் பக்கத்தில் 31 சுழிகள் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு சிட்டிகை தோட்டத்து மண்ணில் கோடிக்கணக்கில் இருக்கும். ஆனால் எல்லா ஃபேஜும் எல்லா பாக்டீரியாவையும் தொடாது. ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு இரை உண்டு. சில சமயம் ஒரே பாக்டீரியா இனத்தில்கூட ஒரு வகையைக் கொல்லும், இன்னொரு வகையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இந்தப் பிடிவாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1896-ல் ஆக்ராவில் இருந்த எர்னஸ்ட் ஹான்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை யமுனைத் தண்ணீரில் காலரா கிருமிகள் செத்துப்போகின்றன என்றும், கொதிக்க வைத்தால் அந்தத் தண்ணீர் சக்தியை இழக்கிறது என்றும் எழுதினார். அது ஃபேஜின் வேலையா என்று இன்றும் வாதிடுகிறார்கள். சந்தேகமில்லாமல் கண்டவர்கள் இருவர்: 1915-ல் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் ட்வார்ட், 1917-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த ஃபெலிக்ஸ் டெரல். பாக்டீரியோஃபேஜ் என்ற பெயரும் டெரல் வைத்ததே. இதை மருந்தாகப் பயன்படுத்தலாம் என்று அவர் ஊர் ஊராகப் போய் முயன்றார், இந்தியாவுக்கும் வந்தார். பிறகு பெனிசிலின் வந்தது, மேலை நாடுகள் ஃபேஜ் மருத்துவத்தை மறந்துவிட்டன. ஜார்ஜியா நாட்டின் திபிலிசி போன்ற சில இடங்களில் மட்டும் அது தொடர்ந்தது.

மருந்தாக மறந்தாலும், ஆய்வுக்கூடத்தில் ஃபேஜை யாரும் மறக்கவில்லை. ஜீன்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை விஞ்ஞானிகள் பெருமளவு ஃபேஜ்களை வைத்துத்தான் கற்றுக்கொண்டார்கள். கதையின் அடுத்த பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

1980-களில் காசநோய்க் கிருமியை ஆராய்ந்தவர்களுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. மற்ற பாக்டீரியாக்கள் அரைமணி நேரத்தில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கு அதற்கே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். மெழுகு பூசினாற்போன்ற தடித்த சுவர் வேறு. அதற்குள் ஒரு ஜீனை நுழைப்பது என்பதே நடக்காத காரியமாக இருந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் இருந்த வில்லியம் ஜேக்கப்ஸ், நமக்குக் கதவு திறக்கத் தெரியாவிட்டால் என்ன, ஏற்கெனவே திறக்கத் தெரிந்தவனிடம் கொடுத்து அனுப்பலாமே என்று யோசித்தார். அதாவது ஃபேஜ்! 1987-ல் ஒரு ஃபேஜைத் திருத்தி அதன் முதுகில் அயல் டி.என்.ஏ.வை ஏற்றி மைக்கோபாக்டீரியாவுக்குள் அனுப்பிக் காட்டினார்கள். 1993-ல் மின்மினிப் பூச்சியின் ஒளிதரும் ஜீனை ஃபேஜில் வைத்து, காசநோய்க் கிருமியையே ஒளிர வைத்தார்கள். மருந்துக்குக் கிருமி சாகிறதா இல்லையா என்பதை அந்த வெளிச்சத்தை வைத்தே சொல்லலாம் என்பது யோசனை.

ஜேக்கப்ஸின் கூட்டாளி பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல். 1993-ல் எல்5 என்ற மைக்கோபாக்டீரியா ஃபேஜின் மரபுத்தொடர் முழுவதையும், 52,297 எழுத்துகள், படித்து வெளியிட்டவர்களில் ஒருவர். இந்த வகை ஃபேஜ்களில் முழுதாகப் படிக்கப்பட்டது அதுவே முதல். ஒன்றைப் படித்ததும் அடுத்த கேள்வி வந்துவிட்டது. மற்ற ஃபேஜ்களும் இப்படித்தான் இருக்குமா? விடை வேண்டுமென்றால் நிறைய ஃபேஜ்கள் வேண்டும். நிறைய ஃபேஜ்கள் வேண்டுமென்றால் நிறைய மண்ணும், நிறையக் கைகளும் வேண்டும்.

மண்ணுக்குப் பஞ்சமில்லை. கைகள்?

இங்கேதான் ஹாட்ஃபுல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஃபேஜ் தேடுவதற்கு முன்னறிவு அதிகம் தேவையில்லை. ஜீன் என்றால் என்னவென்று சரியாகத் தெரியாத பள்ளி மாணவனும் மண்ணைக் கொண்டு வந்து, சில வாரங்களில் உலகில் யாரும் பார்த்திராத ஒரு வைரஸைக் கையில் வைத்திருக்க முடியும். 2002-ல் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆதரவோடு அவர் தொடங்கிய திட்டத்தின் பெயரே 'ஃபேஜ் வேட்டைக்காரர்கள்' என்று வரும். பிட்ஸ்பர்க்கின் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார்கள்.

ஒரு பாதுகாப்பும் இருந்தது. பிள்ளைகள் காசநோய்க் கிருமியைத் தொடவில்லை. அதன் தூரத்துச் சொந்தமான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் என்ற சாதுவான மண் பாக்டீரியாவைத்தான் இரையாக வைத்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், ஆரோக்கியமான ஆளுக்கு நோய் தராது. அதைத் தாக்கும் ஃபேஜ்களில் சில காசநோய்க் கிருமியையும் தாக்கும்.

அடுத்த ஆண்டே, 2003-ல், 'செல்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. புதிதாகப் பத்து ஃபேஜ்களின் முழு மரபுத்தொடர். உயிரியலில் அந்த இதழில் கட்டுரை வருவதென்றால் பேராசிரியர்களுக்கே கனவு. அந்த ஆசிரியர் பட்டியலில் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள்! ஃபேஜ்களின் பெயர்களைப் பாருங்கள்: பார்ன்யார்ட், ரோஸ்புஷ், கார்ன்டாக். மாட்டுக்கொட்டகை முற்றம், ரோஜாச்செடி, குச்சியில் சொருகிய தின்பண்டம். கார்ன்டாக் ஃபேஜின் தலை நீண்டு அந்தப் பண்டம் போலவே இருக்கும்.

அதே பத்தில் மூன்றின் பெயர் சே8, சே9சி, சே9டி. இந்தச் 'சே' வேறொன்றுமில்லை, சென்னை! சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையம் (இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) சென்னை மண்ணிலிருந்து எடுத்தவை. அந்த மையத்துக்கு ஏற்கெனவே ஒரு பெருமை உண்டு. காசநோயாளியை மலைப்பிரதேச சானடோரியத்தில் அடைத்து வைக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் போதும் என்று 1950-களின் கடைசியில் உலகத்துக்கு நிரூபித்தது அங்கே நடந்த ஆய்வுதான். சே9சி இந்தக் கதையில் இன்னொரு முறை வரும்.

2008-ல் திட்டம் பெரிதானது. ஹோவர்ட் ஹியூஸ் நிறுவனம் அமெரிக்காவின் பன்னிரண்டு கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்கு இதைப் பாடமாகவே வைத்தது. பிறகு சீ-ஃபேஜஸ் என்று பெயர் பெற்று நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குப் பரவியது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான மாணவர்கள்.

வழக்கமான லேப் வகுப்பு எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். விடை முன்கூட்டியே ரெக்கார்ட் நோட்டில் இருக்கும். நம் சோதனை அதற்கு ஒத்து வரவில்லை என்றால் நாம் செய்ததுதான் தப்பு. பக்கத்து மேஜைக்காரனின் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிடலாம். சீ-ஃபேஜஸ் வகுப்பில் அது முடியாது. பக்கத்து மேஜைக்காரனிடம் இருப்பது வேறு வைரஸ். ஆசிரியருக்கும் விடை தெரியாது.

முதல் வேலை மண் எடுப்பது. காய்ந்த மண்ணைவிட ஈரமான, இலை மக்கிய மண் நல்லது. எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி எல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். மண்ணை ஊட்டச்சத்துக் கரைசலில் போட்டுக் குலுக்கி, ஒரு மிகச் சிறிய துளைகள் கொண்ட வடிகட்டியில் செலுத்துவார்கள். துளையின் அகலம் 0.22 மைக்ரான். மண்ணும் பாக்டீரியாவும் மேலே நின்றுவிடும், ஃபேஜ் மட்டும் கீழே வரும். வடிந்த நீர் பார்ப்பதற்கு வெறும் தண்ணீர்தான். உள்ளே ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் சொல்லவே முடியாது.

அந்த நீரை ஸ்மெக்மாட்டிஸ் பாக்டீரியாவோடு கலந்து, இளகிய அகாரில் ஊற்றி, தட்டில் பரப்பி, 37 டிகிரி வெப்பத்தில் ஓரிரு நாள் வைக்க வேண்டும். பாக்டீரியா வளர்ந்து தட்டு முழுவதும் பாலாடை போல மூடிக்கொள்ளும். ஃபேஜ் இருந்தால், அந்த ஆடையில் அங்கங்கே வட்ட வட்டமாக ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையும் ஒற்றை வைரஸில் தொடங்கிய படுகொலையின் தடம். அது பாக்டீரியாவுக்குள் தன் டி.என்.ஏ.வைச் செலுத்தும், அதன் இயந்திரங்களைக் கொண்டே நூற்றுக்கணக்கில் பெருகும், உடைத்துக்கொண்டு வெளியே வரும், அடுத்ததைப் பிடிக்கும்.

பலருக்கு முதல் தட்டில் ஒன்றுமே வராது. மறுபடியும் வேறு மண். சிலருக்கு மூன்றாவது முறையும் வராது. நண்பனின் தட்டு முழுக்க ஓட்டையாக இருக்கும்போது தன் தட்டு மட்டும் வழுவழுவென்று இருப்பது எப்படிப்பட்ட எரிச்சல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஓட்டை கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால் தப்பு. அங்கேதான் ஆரம்பம். ஒரு தட்டில் இரண்டு மூன்று வகை ஃபேஜ்கள் கலந்திருக்கலாம். ஒரே ஓட்டையைத் தொட்டு எடுத்து, மறுபடி வளர்த்து, மறுபடி ஒரே ஓட்டையைத் தொட்டு... இப்படிப் பலமுறை செய்து ஒற்றை வம்சத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு அதைக் கோடிக்கணக்கில் பெருக்க வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுக்க வேண்டும். டி.என்.ஏ.வைப் பிரித்து, வெட்டும் நொதிகளால் துண்டாக்கி, துண்டுகளின் அளவைப் பார்க்க வேண்டும்.

ஓட்டையின் தோற்றத்தைக் கவனித்து எழுதுவதும் பாடத்தில் உண்டு. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா? சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் இதில் ஒரு பெரிய வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. தெளிவான ஓட்டை என்றால் அந்த ஃபேஜ் சந்தித்த பாக்டீரியாவை எல்லாம் கொன்றுவிடுகிறது. கலங்கல் என்றால் சிலவற்றைக் கொல்லாமல், தன் டி.என்.ஏ.வை அதன் டி.என்.ஏ.வுக்குள் சொருகிவிட்டுப் பேசாமல் தூங்குகிறது. வீட்டைக் கொள்ளையடிக்க வந்தவன் அங்கேயே குடித்தனம் நடத்துவது மாதிரி! தூங்க வைப்பது அந்த ஃபேஜிடமே உள்ள ஒரு ஜீன். மருந்து என்ற கோணத்தில் பார்த்தால் இந்தக் குடித்தனக்கார ஃபேஜால் பயனில்லை.

இரண்டாவது பருவத்தில் மண் வாசனை போய் கம்ப்யூட்டர் வந்துவிடும். மரபுத்தொடரை இயந்திரம் படித்துக் கொடுக்கும். சுமார் ஐம்பதாயிரம் எழுத்துகள். எந்த ஜீன் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று மென்பொருள் ஒரு ஊகம் சொல்லும். அந்த ஊகம் சரியா என்று ஒவ்வொரு ஜீனாக மாணவர்கள் வாதாடித் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலான ஜீன்கள் என்ன செய்கின்றன என்று யாருக்குமே தெரியாது. முடித்த வேலை பொதுத் தரவுத்தளத்தில் ஏறும், உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். வைரஸின் ஒரு மாதிரி பிட்ஸ்பர்க்கின் ஃப்ரீசருக்குப் போகும், மைனஸ் 80 டிகிரியில்.

இந்தக் கடைசி வரி சலிப்பூட்டக்கூடியதுதான். லேபிள் ஒட்டுவது, பெட்டியில் வரிசையாக அடுக்குவது, எண் குறிப்பது. ஆனால் கதையின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. பெயரும் ஊரும் இல்லாத ஒரு குழாயை எட்டு வருடம் கழித்து யார் தேடி எடுக்க முடியும்?

கண்டது என்ன? எதிர்பார்த்ததைவிட வினோதம். 2015-ல் 627 மைக்கோபாக்டீரியா ஃபேஜ்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் ஆசிரியர்களில் மாணவர்கள் மட்டும் ஆயிரக்கணக்கில். ஒரே பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ்களே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தன. ஒட்டுத்துணிப் போர்வை போல ஒவ்வொன்றும் பல இடங்களிலிருந்து துண்டு துண்டாக ஜீன்களைச் சேர்த்து வைத்திருந்தன. இன்னும் தோண்டினால் இன்னும் புதிது வரும் என்றே கணக்கு சொன்னது. அழகான விஞ்ஞானம்தான். ஆனாலும் பக்கத்து வீட்டு மாமா வந்து, இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் உடனே சொல்லும்படியான பதில் அப்போது யாரிடமும் இல்லை.

'மடி' கண்டெடுக்கப்பட்ட டர்பன் வகுப்பும் இந்த வேட்டையின் ஒரு கிளைதான். அங்கே அது நடந்ததற்குக் காரணம் உண்டு. டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் எய்ட்ஸும் காசநோயும் கைகோத்துக்கொண்டு ஆடின. டுகேலா ஃபெர்ரி என்ற கிராமப்புற ஊரில் ஏறக்குறைய எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் 53 பேருக்குக் கண்டறியப்பட்டது. அவர்களில் 52 பேர் இறந்தார்கள். 2006-ல் 'லான்செட்' இதழில் வந்த இந்தச் செய்தி உலகையே உலுக்கியது. அதன் பின் ஹோவர்ட் ஹியூஸ் நிறுவனமும் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே காசநோய், எய்ட்ஸ் ஆய்வு நிறுவனம் ஒன்றை அமைத்தன. தென்னாப்பிரிக்க மாணவர்களுக்கு மைக்கோபாக்டீரியா ஆய்வைக் கற்றுக்கொடுக்க நடந்த பயிற்சியில்தான் அந்தக் கத்தரிக்காய் புரட்டப்பட்டது.

இப்போது லண்டன். 2017-ம் ஆண்டு. கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை. பதினைந்து வயதுப் பெண். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய், நுரையீரலில் சளி கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். இரண்டு நுரையீரல்களையும் மாற்றினார்கள். ஆனால் அவள் உடம்பில் மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற கிருமி பல ஆண்டுகளாகவே குடியிருந்தது. காசநோய்க் கிருமியின் உறவு, மருந்துகளுக்கு அடங்காத முரட்டு உறவு. மாற்று உறுப்பை உடல் ஒதுக்கிவிடாமல் இருக்க நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கிருமி கிளம்பியது. அறுவைச் சிகிச்சைக் காயம் ஆறவில்லை, கல்லீரலில் பரவியது, தோலில் கட்டிகள் எழும்பின. ஆன்டிபயாடிக்குகள் கைவிட்டன.

பெண்ணின் தாய் இணையத்தில் தேடித் தேடி ஃபேஜ் மருத்துவம் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து மருத்துவர்களிடம் கேட்டார். மருத்துவமனையிலிருந்து ஹாட்ஃபுலுக்குச் செய்தி போனது. உங்களிடம் மைக்கோபாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ்கள் உலகிலேயே அதிகம் இருக்கின்றனவாமே, இதற்கு ஏதாவது ஒத்துவருமா?

ஃப்ரீசரில் அப்போது பத்தாயிரத்துக்கும் மேல் ஃபேஜ்கள். ஆனால் எல்லாமே ஸ்மெக்மாட்டிஸில் பிடித்தவை. அப்செசஸைத் தாக்கும் என்று யாரும் அவற்றைத் தேடவில்லை. லண்டனிலிருந்து இரண்டு நோயாளிகளின் கிருமிகள் பிட்ஸ்பர்க் வந்தன. இந்தப் பெண்ணுடையது ஒன்று, அதே நோய் கொண்ட இன்னொருவருடையது ஒன்று.

மரபுத்தொடர் படிக்கப்பட்டிருந்ததால் கண்ணை மூடிக்கொண்டு தேட வேண்டியிருக்கவில்லை. எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அப்செசஸைத் தொடக்கூடும் என்று ஓரளவு ஊகித்துச் சோதிக்க முடிந்தது. அப்படியும் மாதக்கணக்கில் ஆயிற்று. பெண்ணின் கிருமியைப் பளிச்சென்று கொன்றது ஒன்றே ஒன்று: டர்பன் கத்தரிக்காயின் 'மடி'.

ஒன்று போதாது. ஒரே ஃபேஜை எதிர்த்துக் கிருமி சீக்கிரம் தப்பித்துக்கொள்ளப் பழகிவிடும். மூன்றாவது வேண்டும். அரைகுறையாகத் தாக்கியவை இரண்டு இருந்தன. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் கிடைத்த ஜோயிஜே, பிட்ஸ்பர்க்கில் கிடைத்த பிபிஎஸ். இரண்டுமே அந்தக் கலங்கல் ஓட்டைக்காரர்கள், தூங்குமூஞ்சிகள். ஆனால் தூங்க வைக்கும் ஜீன் எது என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. பிபிஎஸ்ஸின் 41,901 எழுத்துகளும் 2009-லேயே அச்சேறியிருந்தன. அந்த ஜீனை நீக்கிவிட்டால் தூங்க வழியில்லை, கொன்றுதான் ஆக வேண்டும். பிபிஎஸ்ஸில் இந்தக் கிருமிக்குள் நுழையப் பழகிய ஒரு திரிபையும் தேர்ந்தெடுத்தார்கள்.

ஃபேஜிலிருந்து ஒரு ஜீனை மட்டும் கச்சிதமாக வெட்டி எடுப்பது எப்படி? ஹாட்ஃபுலின் குழு 2007, 2008-ல் அதற்கு ஒரு முறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. அந்த முறை வேலை செய்யத் தேவையான இரண்டு புரதங்கள் எங்கிருந்து வந்தவை தெரியுமா? சே9சி ஃபேஜின் 60, 61-ம் எண் ஜீன்களிலிருந்து. சென்னை மண்ணில் கிடைத்த அதே ஃபேஜ்! ஒரு ஊர் மண் கொடுத்த கத்தரிக்கோலால் இன்னொரு ஊர் மண்ணில் கிடைத்த வைரஸைத் திருத்தியிருக்கிறார்கள். இதைப் பற்றிச் சென்னையில் அதிகம் யாரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது நோயாளியின் கிருமிக்கு? பத்தாயிரம் குழாய்களிலும் ஒன்று அமையவில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே, 2018-ன் தொடக்கத்தில், அந்த நோயாளி இறந்துபோனார். ஃபேஜின் பிடிவாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். இருவருக்கும் ஒரே நோய், ஒரே பெயருள்ள கிருமி, ஒரே மருத்துவமனை. ஒருவருக்குச் சாவி இருந்தது, மற்றவருக்கு இல்லை.

2018 ஜூனில் பெண்ணுக்குச் சிகிச்சை தொடங்கியது. முதலில் தோல் காயத்தில் தடவிப் பார்த்தார்கள். விபரீதம் ஒன்றும் இல்லை. பிறகு பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு ஃபேஜும் நூறு கோடி என்ற அளவில், ரத்தக்குழாய் வழியாக. ஒன்பதாம் நாள் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனாள். மருந்து வீட்டிலும் தொடர்ந்தது. ஆறு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் கல்லீரல் தொற்று ஏறக்குறைய மறைந்திருந்தது. மார்புக் காயம் மூடியது. தோல் கட்டிகள் மெதுவாக வற்றின.

2019 மே மாதம் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளிவந்த கட்டுரை இதையெல்லாம் மிகவும் அடக்கமாகவே சொன்னது. தொற்று முழுதாக ஒழிந்துவிட்டது என்று அவர்கள் கூறவில்லை. ஒரே ஒரு நோயாளி, ஒப்பிட வேறு யாரும் இல்லை, ஃபேஜ் இல்லாமலே தேறியிருக்கலாம் என்ற வாய்ப்பையும் மறுக்க முடியாது. ஆனால் மரபணு திருத்தப்பட்ட ஃபேஜ் மனிதருக்குக் கொடுக்கப்பட்டதும், மைக்கோபாக்டீரியத் தொற்றுக்கு இப்படி ஃபேஜ் கொடுக்கப்பட்டதும் அதுவே முதல் முறை.

அதற்குப் பிறகு பிட்ஸ்பர்க்குக்கு உலகெங்கிலுமிருந்து கிருமிகள் வந்து குவிந்தன. 2021-ல் வந்த ஒரு அறிக்கை உற்சாகத்தைக் கொஞ்சம் தணித்தது. 81 வயது நோயாளி ஒருவருக்கு இதே மூன்று ஃபேஜ் கலவையைக் கொடுத்தார்கள். முதல் மாதம் கிருமி குறைந்தது. ஆனால் அவருக்கு நோய் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்ததால் உடல் ஃபேஜ்களையே எதிரியாக நினைத்து எதிர்ப்பொருள்களை உண்டாக்கிவிட்டது. இரண்டாம் மாதத்தில் மருந்து பலிக்காமல் போனது. லண்டன் பெண்ணுக்கு எதிர்ப்புச் சக்தி குறைக்கப்பட்டிருந்தது, ஒருவிதத்தில் அதுவே உதவியாக இருந்திருக்கலாம். 2022-ல் இருபது நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். வேறு வழியே இல்லாத இருபது பேர். அவர்களில் 11 பேருக்கு ஏதோ ஒரு வகையில் பலன் கிடைத்தது. பலருக்குக் கொடுக்கப்பட்டது அதே 'மடி'தான்.

இன்னொரு சிக்கலும் தெரியவந்தது. அப்செசஸ் கிருமி தட்டில் வளரும்போது சில சொரசொரப்பாகவும் சில வழுவழுப்பாகவும் வளரும். சொரசொரப்பு வகையில் பலவற்றுக்கு ஃபேஜ் கிடைக்கிறது. வழுவழுப்பு வகையை நன்றாகக் கொல்லும் ஃபேஜ் ஒன்றுகூட அந்த ஆய்வுகளில் அகப்படவில்லை. இருக்கும் குழாய்களில் இல்லையென்றால் மறுபடி மண்ணுக்குத்தான் போக வேண்டும்.

சீ-ஃபேஜஸ் தரவுத்தளத்தில் 'மடி'க்கு ஒரு பக்கம் உண்டு. மற்ற ஆயிரக்கணக்கான ஃபேஜ்களுக்கு இருப்பது போலவே சாதாரணமான பக்கம். கண்டெடுத்த ஆண்டு, ஊர், மரபுத்தொடர், நுண்ணோக்கிப் படம். மாதிரி எங்கே எடுத்தது என்ற இடத்தில் கத்தரிக்காயைப் பற்றி எழுதியிருக்கும்.